மாதிரி வீட்டில் ஒரு மோதிர விரல்

வீட்டு வைத்திய ஆராய்ச்சிக் கழகத்தின் கூட்ட அறையில் ஏ.சி. வேலை செய்யவில்லை. இயற்கையோடு ஒட்டி வாழுங்கள் என்று ஊருக்கெல்லாம் புத்தகம் போட்டுக் கொடுக்கிற இடத்தில் ஏ.சி. எதற்கு என்று கேட்கக் கூடாது. அதை உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு வேர்க்காதா? அதிலும் அன்றைக்கு முக்கியமான கூட்டம். 'தேனீக் கடியும் கைவைத்தியமும்' என்ற கையேட்டுக்கு இறுதி வடிவம் கொடுக்கப் போகிறார்கள். அந்தக் கையேட்டுக்கு இறுதி வடிவம் கொடுக்கத் தொடங்கியவர் இப்போதைய இயக்குநருக்கு முந்தைய இயக்குநருக்கும் முந்தையவர். தேனீ கடிக்காது, கொட்டும் என்று அவர் காலத்திலேயே ஒருவர் எழுந்து சொன்னார். அதைப் பரிசீலிக்கக் குழு போட்டார்கள். குழு இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது.

ஆக, மெக்கானிக்குக்குப் போன் போனது. அவரும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மெக்கானிக் வேலையில் கெட்டிக்காரர். வாய்தான் கிடையாது. சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற யாரையும் எதிர்த்து அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சாதா நாற்காலி என்றால்கூட இரண்டு தடவை யோசிப்பார். வீட்டில் பேசலாமே என்றால், அங்கே பேசுகிற இலாகா அவர் மனைவியிடம் இருந்தது. அந்த அம்மாள் பஸ் கண்டக்டர். நாள் முழுக்க ஒரு பஸ் கூட்டத்தை 'உள்ள போ, உள்ள போ' என்று சொல்லியே உள்ளே தள்ளுகிறவர், வீட்டுக்கு வந்தால் ஒற்றை ஆளைச் சமாளிக்க எவ்வளவு நேரமாகும்?

மோதிரத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கல்யாணத்துக்குப் போட்ட மோதிரத்தை மெக்கானிக் ஒருநாள் வேலைக்கு நடுவே கழற்றி ஏதோ ஒரு ஏ.சி.க்குள் வைத்தார். கரண்டில் கை வைக்கிற தொழிலில் எல்லோரும் கழற்றித்தான் வைப்பார்கள். அவர் வைத்துவிட்டு மூடியை மாட்டித் திருகையும் இறுக்கிவிட்டார். அன்றைக்குப் பார்த்த வீடுகள் பல. எந்த வீட்டு ஏ.சி. என்று இன்றுவரை தெரியாது. யார் வீட்டிலோ தங்கக் காற்று வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். மனைவி இரட்டை டியூட்டி பார்த்து இன்னொரு மோதிரம் வாங்கினார். அதை அவர் இடது கை விரலில் தானே போட்டுவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"இனி இதை மட்டும் கழட்டிப் பாருங்க. விரலோட சேத்துக் கழட்டிடறேன்."

அன்றிலிருந்து மெக்கானிக் வேலைக்குப் போனால் மோதிரத்தின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொள்வார். கழற்றுவது என்ற பேச்சே கிடையாது.

கூட்ட அறையில் இருந்தது பழைய ஜன்னல் ஏ.சி. ஏணியில் ஏறி முன்மூடியைக் கழற்றி, இயந்திரத்தைப் பாதி வெளியே இழுத்தார். சுவருக்கும் இயந்திரத்துக்கும் நடுவிலிருந்த இடத்தில் தேனீக்கள் குடியிருந்தன. கழகத்தை விடச் சுறுசுறுப்பான ஒரு கூட்டம் அந்தக் கட்டடத்தில் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. கையை வெளியே எடுப்பதற்குள் ஒன்று கொட்டிவிட்டது. கொட்டிய இடம் இடது கை மோதிர விரல், மோதிரத்துக்கு நேர் மேலே.

உயிர் போகிற வலி. மெக்கானிக்குக்கு முதலில் தோன்றியது சரியான யோசனைதான். மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும், விரல் வீங்கினால் அப்புறம் வராது. டேப்பைப் பிரித்துவிட்டார். மோதிரத்தின் மேல் கட்டைவிரலை வைத்தும் விட்டார். 'விரலோட சேத்து' என்ற குரல் காதில் கேட்டது. கையை எடுத்துவிட்டார். அவர் செய்த தப்பு இந்த ஒன்றுதான். மற்ற தப்பையெல்லாம் செய்யப் படித்தவர்கள் கீழே காத்திருந்தார்கள்.

இழுத்தது இழுத்தபடி கிடக்க, ஏணியிலிருந்து இறங்கி வராந்தாவுக்கு ஓடினார். கூட்டத்துக்காக இயக்குநரும் பிரிவுத் தலைவர்களும் வந்துகொண்டிருந்தார்கள்.

"சார், கொஞ்சம் ஐஸ் கிடைக்குமா? தேனீ கொட்டிருச்சு."

இயக்குநர் நின்றுவிட்டார். கையிலிருந்த கோப்பு நழுவிக் கீழே விழுந்தது.

"என்ன சொன்னீங்க? தேனீயா? நிஜத் தேனீயா?"

"ஆமா சார்."

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பித் தன் ஆட்களைப் பார்த்து, நின்ற இடத்திலேயே ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

"பாருங்க. இத்தனை வருஷமா நாம எந்த மக்களுக்காக ராப்பகலா உழைச்சமோ, அந்த மக்கள் இன்னிக்கு நம்மளத் தேடி வந்திருக்காங்க. நம்ம கழகத்தோட வரலாற்றுல முதல் நோயாளி! இதுவரைக்கும் நோயாளி தொந்தரவு இல்லாம நம்ம ஆராய்ச்சி எவ்வளவு தூரம் வளந்திருக்கு! இனி நோயாளியை வெச்சும் அதைக் கெடாமப் பாத்துக்கணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். மெக்கானிக்கும் வலது கையால் தொடையைத் தட்டினார். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

"நான் ஏ.சி. பாக்க வந்தேன் சார்" என்றார் பிறகு, மெதுவாக.

அதை யாரும் காதில் வாங்கவில்லை. தேன் பிரிவுத் தலைவர் முன்னால் வந்து விரலைக் கண்ணாடி போட்டும் போடாமலும் பார்த்தார்.

"தேனீதான்னு எப்படிச் சொல்றீங்க? குளவியா இருந்தா அது எங்க கழகம் இல்ல. பக்கத்துக் கட்டடம். கொட்டின தேனீயைக் கொண்டாந்திருக்கீங்களா?"

"அது போயிருச்சு சார்."

"எங்க போச்சு?"

"சொல்லிட்டுப் போகல சார்."

மெக்கானிக் கிண்டல் செய்யவில்லை. கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார். நல்லவேளையாக வெங்காயப் பிரிவுத் தலைவர் குறுக்கிட்டு, கொடுக்கு விரலில் நிற்கிறது, கொடுக்கை விட்டுவிட்டுப் போவது தேனீதான் என்று தீர்ப்பளித்தார். தேன் பிரிவுக்கு முகம் சுண்டிவிட்டது. இந்த இருவருக்கும் ஆகாது. கழகத்தில் இருவருக்கும் தனித்தனி டீ நேரம்.

மெக்கானிக் கொடுக்கை எடுக்கக் கையைக் கொண்டுபோனார். இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில் "தொடாதீங்க!" என்று கத்தினார்கள். அவர்கள் ஒன்றாகப் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

"கொடுக்கை நகத்தால சீவித்தான் எடுக்கணும். கிள்ளினா விஷம் உள்ள எறங்கிடும்" என்றார் தேன்.

"யார் சொன்னது? இடுக்கியால பிடுங்கணும். நீங்க சீவிச் சீவி நேரத்தைக் கடத்துவீங்க, அதுக்குள்ள முழு விஷமும் எறங்கிடும்" என்றார் வெங்காயம்.

"என்னோட கட்டுரையைப் படிச்சீங்களா?"

"படிச்சதாலதான் சொல்றேன்."

இயக்குநர் நடுவில் புகுந்து, இதை ஓட்டெடுப்புக்கு விடலாம், ஆனால் ஓட்டெடுப்புக்கு முன்னால் இரு தரப்பும் பேச நேரம் கொடுக்க வேண்டும் என்றார். இரு தரப்பும் பேசின. மெக்கானிக் விரலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கடைசி பெஞ்சில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிற பையனைப் போல இருந்தது அவர் நிலை. வலி தாங்காமல் ஒரு கட்டத்தில் தன்னை மறந்து கையைப் பேன்ட்டில் ஒரு தேய் தேய்த்தார். கொடுக்கு வந்துவிட்டது.

தேன் அவர் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கொடுக்கு எங்க?" என்றார் தேன்.

"பேன்ட்ல துடைச்சேன் சார். வந்துருச்சு."

"பேன்ட்ல துடைச்சா வராதே!" என்றார் வெங்காயம்.

"வந்துருச்சே சார்."

இருவரும் அவரை அப்படி ஒரு பார்வை பார்த்தார்கள். இயக்குநர் மட்டும் பதறவில்லை. நிர்வாகி என்றால் சும்மாவா? "இதைக் குறிப்புல சேருங்க. அடுத்த ஆண்டுத் திட்டத்துல கால்சட்டைப் பிரிவுன்னு ஒண்ணு கேட்டு எழுதலாம்" என்றார்.

"சார், அந்த ஐஸ்…" என்றார் மெக்கானிக். விரல் உப்பத் தொடங்கியிருந்தது.

"ஐஸ் வீட்டுப் பொருள். அதை இப்படி வராந்தாவுல வெச்சுத் தர முடியாது" என்றார் இயக்குநர். "வீட்டு வைத்தியத்தை வீட்டுலதான் செய்யணும். ஆபீஸ்ல செஞ்சா அது வெறும் வைத்தியம். அதுக்கு டாக்டருக்குப் படிச்சிருக்கணும். நாங்க யாரும் படிக்கல."

"அப்ப எங்க வீட்டுக்குப் போயிடட்டுமா சார்? பக்கத்துத் தெருதான்."

"உங்க வீடு எதுக்கு? எங்ககிட்டயே வீடு இருக்கு!"

இருந்தது. கட்டடத்தின் பின்பக்கம், பெரிய கூடத்துக்குள், பிளைவுட்டில் ஒரு மாதிரி வீடு கட்டி வைத்திருந்தார்கள். வாசலில் அழைப்பு மணி. முன்னறையில் ஒரு ஜன்னல். திறந்தால் கூடத்துச் சுவர் தெரியும், அதில் சூரிய உதயம் வரைந்திருந்தது. அடுக்களையில் வரிசையாக டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் உள்ளே இருக்க வேண்டிய பொருளின் பெயர். ஃப்ரிட்ஜும் உண்டு. கதவில் பால், முட்டை, ஐஸ் என்று எழுதி ஒட்டியிருந்தது. மெக்கானிக் ஆசையாகத் திறந்து பார்த்தார். உள்ளே பழைய கோப்புகள் இருந்தன. பின்பக்கம் எட்டிப் பார்த்தார், தொழில் புத்தி. அதற்கு மோட்டாரே இல்லை.

வீடு என்றால் ஆட்கள் வேண்டுமே. அதற்கும் பணியிடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். மனைவி பணியிடத்துக்கு டைப்பிஸ்ட் அம்மாளைக் கூடுதல் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பணியிடம் நிரந்தரம். கழகத்திலேயே மூத்தவர் அவர்தான். கணவன் பணியிடம் மட்டும் காலியாகக் கிடந்தது. விளம்பரம் கொடுத்தும் யாரும் வரவில்லையாம். மாமியார் பணியிடத்துக்கு அளவுக்கு மீறி விண்ணப்பம் வந்து, நேர்முகத் தேர்வில் சண்டையாகி, நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இயக்குநர் மணி அடித்தார். டைப்பிஸ்ட் அம்மாள் கதவைத் திறந்து, மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நோட்டீஸ் வாசிக்கிற குரலில் சொன்னார்.

"வந்துட்டீங்களா. என்னங்க இவ்வளவு லேட்டு. இன்னிக்கு வேலை ஜாஸ்தியா."

"ஆமாம்மா" என்றார் மெக்கானிக், பழக்க தோஷத்தில்.

"பிரமாதம்! இயல்பா இருக்கு!" என்றார் இயக்குநர். "உட்காருங்க. இது உங்க வீடு மாதிரி."

மெக்கானிக் பிளைவுட் கட்டிலில் உட்கார்ந்தார். சிகிச்சை தொடங்கியது.

முதலில் வெங்காயமா தேனா என்பதில் மறுபடியும் தகராறு. தேனீ கொட்டியதற்குத் தேனைத் தடவுவது, அடித்தவனிடமே போய் ஆறுதல் கேட்கிற மாதிரி இருக்கிறது என்று வெங்காயம் சொன்னார். கழகத்தில் சிலருடைய பேச்சைக் கேட்டாலே கண்ணில் தண்ணீர் வருகிறது என்று தேன் பதில் சொன்னார். கடைசியில் விரலின் மேல்பாதி தேனுக்கு, கீழ்ப்பாதி வெங்காயத்துக்கு என்று இயக்குநர் பாகம் பிரித்துக் கொடுத்தார். நடுவில் இருந்த மோதிரம் எல்லையாயிற்று. அப்புறம் சமையல் சோடாவைக் குழைத்து அப்பினார்கள். அதன் மேல் வினிகரை ஊற்றினார்கள். விரல் நுரைத்துப் பொங்கியது. "வேலை செய்யுது பாருங்க!" என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். அது வேலை செய்த லட்சணம் தரையெல்லாம் வழிந்தது. பிறகு பற்பசை. பிறகு களிமண். கற்றாழைப் பிரிவுக்காரர் விடுப்பில் இருந்ததால் அந்த ஒன்று தப்பியது.

ஒவ்வொன்றையும் வைத்ததும் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள்.

"வலிக்குது சார்."

"போன தடவை சொன்ன வலியா, புது வலியா?"

"அதே வலிதான். கொஞ்சம் கூட ஆயிருக்கு."

"வலியில் முன்னேற்றம்" என்று யாரோ எழுதிக்கொண்டார்கள்.

இந்த நேரத்தில் அழைப்பு மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் டியூட்டிக்கு வந்துவிட்டார். அவர் வேலை இரண்டு: நடக்கிற வைத்தியம் எதுவானாலும் அது தப்பு என்று சொல்வது, நோயாளியைக் கலவரப்படுத்துவது. இவ்விரண்டும் இல்லாமல் உலகத்தில் எந்த வீட்டிலும் வைத்தியம் நடந்ததில்லை என்பது கழகத்தின் ஆய்வு முடிவு. அந்த ஒரு ஆய்வில் மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

"ஐயையோ, இதையெல்லாமா வைக்கறீங்க?" என்று தலையில் கை வைத்தார் அவர். "எங்க ஒண்ணுவிட்ட மச்சானுக்கும் இப்படித்தான் விரல்ல ஆரம்பிச்சது. இப்ப அவர் இல்ல."

மெக்கானிக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "செத்துட்டாரா?"

"டிரான்ஸ்ஃபர் ஆயிட்டார். ஆனா போறப்ப முகம் நல்லா இல்ல."

மெக்கானிக் களிமண்ணைத் துடைத்துவிட்டு விரலைப் பார்த்தார். மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. அதற்கு மேல் விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. இழுத்துப் பார்த்தார். திருகிப் பார்த்தார். அசையவில்லை. விரல் நுனியைத் தொட்டால் வேறு யாருடைய விரலையோ தொடுகிற மாதிரி இருந்தது. இப்போதுதான் அவருக்கு உண்மையான பயம் வந்தது. விரல் போய்விட்டால்? இடது கையால் குழாயைப் பிடித்து, வலது கையால் திருகுகிற பிழைப்பு. ஒரு விரல் குறைந்த மெக்கானிக்கை யார் கூப்பிடுவார்கள்?

"சார், மோதிரம் மாட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா வெட்டி எடுத்துருவாங்க. நான் போயிட்டு வந்துடறேன் சார்."

அவர் வாழ்க்கையில் சுழல் நாற்காலிக்காரர் ஒருவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அது. இயக்குநர் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டார்.

"ஆஸ்பத்திரியா? தம்பி, யோசிச்சுப் பாருங்க. நம்ம முதல் நோயாளியே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா வெளிய என்ன பேசுவாங்க? இங்கேருந்து குணமாகிப் போகலாம். இல்லைன்னா குணமாகற வரைக்கும் இருக்கலாம். குணமாகாமப் போறதுக்கு எங்ககிட்ட வழி இல்ல. உங்க விரல் ஒண்ணு. எங்க பேரு எத்தனை வருஷத்துப் பேரு! ரெண்டையும் தராசுல வெச்சு நீங்களே சொல்லுங்க."

மெக்கானிக் தோளில் மாட்டியிருந்த பையை எடுத்து மடியில் வைத்தார். அதிலேயே கட்டிங் பிளேயர் இருந்தது. அதை எடுத்து மோதிரத்தில் வைக்க அவருக்குக் கை வரவில்லை. இரட்டை டியூட்டி பார்த்து நின்ற மனைவியின் கால்கள் ஞாபகம் வந்தன. ராத்திரியில் வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் சொன்ன விலையும் ஞாபகம் வந்தது. போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

மனைவி பஸ்ஸில் இருந்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"என்ன, இந்த நேரத்துல? சாப்ட்டீங்களா?"

"சாப்டல. கொஞ்சம் லேட்டாகும். ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்ட்டேன்."

"சும்மா கூப்பிடற ஆளா நீங்க? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? எங்க இருக்கீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் டைப்பிஸ்ட் அம்மாள், தன் கடமையில் தவறாமல், பக்கத்தில் வந்து உரக்கக் கேட்டார்.

"ஏங்க, இன்னொரு தடவை வெங்காயம் வைக்கட்டுமாங்க?"

போனில் மனைவியின் குரல் பஸ் இரைச்சலுக்கு மேலே ஏறியது.

"யாரு அது?"

"அது… இங்க… மனைவி."

"என்னது?"

"இல்ல, இந்த வீட்டு மனைவி. நான் கணவன் இல்ல, கணவன் போஸ்ட் காலியா இருக்கு, அதனால என்னை உட்கார வெச்சு…"

தொடர்பு அறுந்தது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். விரலுக்கு இருந்த ஆபத்து கழுத்து வரைக்கும் வந்துவிட்டது.

மனைவிக்கு இடம் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. ஏ.சி. பார்க்கக் கழகத்துக்குப் போகிறேன் என்று மெக்கானிக் காலையிலேயே சொல்லியிருந்தார். பஸ்ஸும் அந்த வழிதான் போகும். சற்று நேரத்தில், ஒருநாளும் பஸ் நிற்காத கழக வாசலில் பஸ் நின்றது. தோளில் பையும் கழுத்தில் விசிலுமாக அந்த அம்மாள் இறங்கி உள்ளே வந்தார். வாயில்காவலர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். "உள்ள போ" என்று அவரையே ஓரமாக உள்ளே தள்ளிவிட்டு நடந்தார்.

மாதிரி வீட்டு வாசலில் இயக்குநர் கையை அகல விரித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, நீங்க யாரு?"

"அவர் சம்சாரம்."

"அது முடியாதேம்மா. இந்த வீட்டுல மனைவி பணியிடம் ஏற்கெனவே நிரப்பியாச்சு. ஒரு வீட்டுக்கு ஒரு பணியிடம்தான் ஒதுக்கீடு. நீங்க வேணும்னா விண்ணப்பம் குடுத்துட்டுப் போங்க."

அந்த அம்மாள் விசிலை எடுத்து வாயில் வைத்து ஒரே ஊது ஊதினார். பிளைவுட் சுவர் அதிர்ந்தது. இயக்குநர் தன்னையறியாமல் இரண்டடி உள்ளே நகர்ந்து இடம் விட்டார்.

சண்டை போடத்தான் வந்தார். டைப்பிஸ்ட் அம்மாளைப் பார்த்து ஆரம்பிக்கவும் வாயைத் திறந்தார். அதற்குள் கணவரின் கை கண்ணில் பட்டுவிட்டது. தேனும் சோடாவும் மண்ணும் பூசிக்கொண்டு, நீலம் பாரித்து, மோதிரம் இருக்கிற இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் தெரிய, அந்த விரல்.

"ஏங்க, மோதிரத்தை ஏன் மொதல்லயே கழட்டல?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். "நீதானே சொன்ன. கழட்டக் கூடாதுன்னு."

அந்த அம்மாளுக்கு வாய் அடைத்துப் போயிற்று. அப்படி நடந்து பல வருஷம் ஆகியிருக்கும்.

"நான் சொன்னா?" என்றார் பிறகு. "ஐஸ் ட்ரேல தண்ணி ஊத்தி வைங்கன்னு எத்தனை நாளா கத்தறேன், ஒருநாள் கேட்டிருக்கீங்களா? எதையும் கேக்க மாட்டீங்க, இதை மட்டும் கேட்டுட்டு இப்படி உட்காந்திருப்பீங்களா? மோதிரம் யாருக்கு வேணும்? போனா இன்னொண்ணு வாங்கறேன், அதுவும் போனா இன்னொண்ணு. விரலுக்கு நான் எந்தக் கடைக்குப் போவேன்? எந்திரிங்க!"

மெக்கானிக் எழுந்தார். மோதிரம் போகட்டும் என்று மனைவி வாயால் கேட்டதுமே அவருக்குப் பாதி வலி போய்விட்டது. கழகத்துக்குள் அன்றைக்கு அவருக்குக் கிடைத்த ஒரே வைத்தியம் அதுதான்.

"அம்மா, சிகிச்சை பாதியில இருக்கு!" என்றார் இயக்குநர்.

"கணவரை எடுத்துட்டுப் போறதுக்கு ரசீது போடணும்" என்றார் டைப்பிஸ்ட் அம்மாள், நல்ல எண்ணத்தில்தான்.

"எங்க ஒண்ணுவிட்ட மச்சான்கூட இப்படித்தான் அவசரப்பட்டு…" என்று ஆரம்பித்தார் பக்கத்து வீட்டுக்காரர். இன்னொரு விசில். பணியில் சேர்ந்த பிறகு அவர் பாதியில் நிறுத்திக்கொண்டது அதுவே முதல் தடவை.

பஸ்ஸில் ஏறியதும் அந்த அம்மாள் டிரைவரிடம் நிலைமையைச் சொல்லி, இரண்டு விசில் கொடுத்தார். பஸ் எந்த நிறுத்தத்திலும் நிற்காமல் ஆஸ்பத்திரியை நோக்கிப் போனது. இறங்க வேண்டியவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை. முணுமுணுக்க நேரமில்லை; ஆளாளுக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வெங்காயம் என்றார். ஒருவர் பற்பசை என்றார். எங்க மச்சானுக்கு இப்படித்தான் என்று பின்சீட்டில் ஒருவர் தொடங்கினார். கழகத்துக்கும் பஸ்ஸுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். பஸ்ஸில் யாரோ ஒரு பெண், பேச்சை நிறுத்தாமலே, தன் கூடையிலிருந்து உறைந்து போன தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். ஐஸ்! மெக்கானிக் அதை விரலோடு அணைத்துக்கொண்டு குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அவசரப் பிரிவில் நர்ஸ் விரலைக் கழுவினார். கழுவக் கழுவ ஒவ்வொரு பிரிவாக இறங்கி வந்தது. "என்னங்க இது, மளிகைக் கடையா?" என்றார். சின்னச் சக்கரம் வைத்த கருவி ஒன்றை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து அறுத்து, இரண்டு பக்கமும் விரித்து எடுத்துவிட்டார். வெளுத்திருந்த பள்ளத்தில் மெல்ல ரத்தம் ஓடியது. விரல் நுனி கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. மெக்கானிக் அதை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார். மனைவி அறுந்த மோதிரத்தைச் சில்லறைப் பைக்குள் போட்டுவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அப்போது வாசலில் ஒரு கார் கிரீச்சென்று நின்றது. இருவர் தாங்கிப் பிடிக்க இயக்குநர் உள்ளே வந்தார். மூக்கு இருந்த இடத்தில் ஒரு தக்காளி இருந்தது. பின்னாலேயே தேனும் வெங்காயமும், ஆளுக்கொரு கன்னத்தைப் பிடித்தபடி. நோயாளி போனதும் கூட்டத்தை நடத்தலாம் என்று கூட்ட அறைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே பாதி இழுத்த ஏ.சி.க்குப் பின்னாலிருந்து வந்த உறுப்பினர்கள் எல்லோரும் ஏற்கெனவே கூடிவிட்டார்கள்.

"ஊசி போடுங்க! பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க! எனக்கு உடம்பெல்லாம் படபடங்குது!" என்று கத்தினார் இயக்குநர்.

"இருங்க சார், பாக்கறேன். வீட்டு வைத்தியம் ஏதாவது பண்ணிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார் நர்ஸ், பழைய அனுபவத்தில்.

"சேச்சே! நாங்க படிச்சவங்கம்மா! அந்த மாதிரி ஆளுங்க இல்ல!"

சொல்லி முடித்தபோது அவர் கண் எதிர் பெஞ்சில் இருந்த மெக்கானிக்கின் மேல் விழுந்தது. மெக்கானிக் மரியாதையாக எழுந்து நின்றார். கையிலிருந்த பாட்டிலை நீட்டினார். இன்னும் பாதி ஐஸ் இருந்தது.

"வீட்டுப் பொருள் சார். இங்க வெச்சுத் தரலாமான்னு தெரியல" என்றார். இதையும் அவர் கிண்டலாகச் சொன்னாரா என்று கேட்டால், மனைவி பக்கத்தில் இருந்த தைரியத்தில் கொஞ்சம் கிண்டலாகத்தான் சொன்னார். இயக்குநர் பறித்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மெக்கானிக் வீட்டு அடுக்களையில், காலி ஐஸ் ட்ரேயைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது. கழகம். மூக்கடைத்த குரல்.

"தம்பி, நேத்து நடந்ததை மனசுல வெச்சுக்காதீங்க. கையேட்டுல உங்க விரலைத்தான் அட்டைப் படமாப் போடறோம், 'முழு குணம்'னு. அப்புறம் ஒரு நல்ல சேதி. நேத்து நீங்க காட்டின ஈடுபாட்டைப் பாத்து, அந்தக் கணவன் பணியிடத்தை உங்களுக்கே நிரந்தரமாக் குடுக்கலாம்னு குழு முடிவு பண்ணிருக்கு. என்ன சொல்றீங்க?"

மெக்கானிக்குக்கு மறுத்துப் பேசி வழக்கமில்லை. "சார், அது வந்து…" என்று இழுத்தார். மனைவி போனை வாங்கிக்கொண்டார்.

"அது முடியாதே சார்" என்றார், ரொம்ப மரியாதையாக. "அந்தப் பணியிடம் இங்க ஏற்கெனவே நிரப்பியாச்சு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். மெக்கானிக் வெறும் விரலோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன பாத்துட்டு நிக்கறீங்க? தண்ணி வழியுது பாருங்க. குழாயை மூடுங்க!"

மூடினார்.